பீடத்துக்கு முதுகு காட்டி

கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி. தைராய்டு என்றார்கள். எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் குரலுக்கான நரம்பு அதன் பக்கத்திலேயே ஓடுகிறது, அபூர்வமாகச் சிலருக்குக் குரல் மங்கிப்போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி ஆனேன். கட்டியில் கெடுதல் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்த அன்று என் கணவர் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். அவரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

அப்போது நாங்கள் கருவடிக்குப்பத்தில் குடியிருந்தோம். கணவருக்கு மின்துறையில் வேலை. எனக்கு ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்தர் வேலை. மகன் வெளியூர் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். நாள் முழுக்கப் பேசாமலே செய்துவிடக்கூடிய வேலை என்பதால் ஆபீஸில் யாருக்கும் கஷ்டமில்லை. வீட்டிலும் சமாளித்தோம். அடுப்படியிலிருந்து அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரைக் கரண்டியால் தட்டுவேன். "சர்க்கஸ் ஆரம்பிச்சிடுச்சி" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வருவார்.

கோயிலில்தான் என்னால் சமாளிக்க முடியவில்லை.

நான் பாடகற்குழுவில் வளர்ந்தவள். புது நன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை, வாங்கிய சின்ன வயதில் போய்ச் சேர்ந்தேன். கல்யாணம், பிரசவம் எதற்கும் அதிக நாள் விட்டதில்லை. எனக்குப் பிரசங்கம் செய்ய வராது. அள்ளிக் கொடுக்க வசதி கிடையாது. ஜெபத்துக்கு உட்கார்ந்தால் பாதியில் அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்துவிடும். பாடும்போது மட்டும்தான் மனம் ஓர் இடத்தில் நிற்கும். ஆண்டவருக்கு என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதையே எடுத்துக்கொண்டுவிட்டாரே என்ற கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக் குரலும் இல்லை.

எங்கள் குழுவை நடத்தியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்போம். நாங்களும் அவரைச் சொல்தா ஐயா என்றுதான் கூப்பிடுவோம். கீபோர்டு வாசித்தபடியே தலையசைப்பில் எல்லோரையும் நடத்துவார். தையல் பிரித்துச் சில வாரங்கள் கழித்து என் வீடு தேடி வந்தார்.

"வாம்மா. பாட வேணாம். சும்மா வந்து உன் எடத்துல உக்காரு. கூராழ் வேணும், கூராழ்" என்றார். தைரியம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவருக்கு எப்போதும் அந்த பிரெஞ்சு வார்த்தைதான் வரும்.

ஒரு ஞாயிறு போய் உட்கார்ந்தேன். நன்மை வாங்கும் நேரத்தில் வழக்கமாக நான் எடுக்கும் பாட்டைப் பக்கத்தில் இருந்த பெண் எடுத்தாள். நன்றாகவே பாடினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சில், வாசல் கதவை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கடைசி பெஞ்சில் இருந்து பார்த்தால் கோயிலே வேறு மாதிரி தெரிகிறது. மேலே ஃபேன் சத்தம். வெளியே செருப்பைத் தேடும் குழந்தைகள். எனக்கு முந்தைய பெஞ்சில் ஓர் இளம் கணவன் மனைவி. புதுத் தாலிச்சரடு. அவன் கைகள் வேலை செய்து காய்த்துப்போன கைகள். இரண்டு பேரும் பீடத்தைப் பார்க்கவே இல்லை. தங்களுக்கு முன்னால் இருப்பவர்களின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருப்பவர் எழுந்தால் இவர்களும் எழுந்தார்கள். அவர் முழங்கால் போட்டால் இவர்களும் போட்டார்கள்.

பிரசங்கத்தில் பங்குச்சாமியார் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, கோயில் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கப் போகும் நேரத்தில் இவர்கள் இரண்டு பேரும், சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர்களுக்குக் காது கேட்காது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது தெரிந்த அம்மா ஒருவர் என்னை நிறுத்தி உடம்பு எப்படி என்று விசாரித்தார். அந்தக் கூட்டத்தில் என் காற்றுக் குரல் எடுபடாது. தொண்டையைத் தொட்டேன், வெட்டியதைக் காட்டினேன், கையை ஆட்டி மெல்ல மெல்லச் சரியாகும் என்றேன். இதை அந்த இளம் மனைவி தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அவர் நகர்ந்ததும் என் எதிரில் ஓடி வந்து நின்றாள். கண் இரண்டும் பளிச்சென்று விரிந்திருந்தன. கைகளால் படபடவென்று என்னென்னவோ சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் வேகத்தைக் குறைத்து, தன் காதைத் தொட்டு, பிறகு என்னைக் காட்டினாள். நீயும் எங்களைப் போலத்தானா?

இல்லை என்று தலையாட்டினேன். எனக்குக் காது கேட்கும், தொண்டைதான் போய்விட்டது என்று கையால் காட்டினேன். பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் என்று நினைத்து ஓடிப்போய்த் தோளைத் தொட்டு, திரும்பியவர் வேறு யாரோ என்று தெரிந்ததும் நமக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம் அவளுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்பது போலக் கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த முகம் அந்த வாரம் முழுக்க என்னை விடவில்லை. எத்தனையோ வருடம் அந்தக் கோயிலில் பாடியிருக்கிறேன். அதில் ஒரு வரிகூட இந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

அடுத்த ஞாயிறு அவர்கள் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தேன். வாசகத் தாளை எடுத்து எந்தப் பத்தி ஓடுகிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். அவள் கொஞ்சம் படித்தாள், பிறகு உதட்டைப் பிதுக்கினாள். பூசை முடிந்ததும் செல்போனை எடுத்து அடித்துக் காட்டினாள். அந்தக் காலத்துச் செல்போனில் ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்க முடியும். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"நான் கோயில் வரும். பார்க்கும். புரியாது. வீடு போகும்."

அவள் போனை வாங்கி, "உன் கைப்பேச்சை எனக்குச் சொல்லித் தா" என்று அடித்துக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கணவனிடம் காட்டினாள். அவன் என்னை ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

அவர்கள் வீடு தேங்காய்த்திட்டில், துறைமுகத்துக்குப் போகும் பாதையில் இருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில். அவன் ஐஸ் கம்பெனியில் வேலை செய்தான். அவள் ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் என் கணவர் வண்டியில் கொண்டுபோய் விட்டார். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். மறுபடி தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தபோதுதான் என் புத்தி எனக்கே உறைத்தது.

பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவர். "தட்டி இன்னாம்மா பிரயோஜனம்? இரு, நான் ஜன்னல் வழியா துணி வீசறேன்" என்று சொல்லி, ஒரு துண்டைச் சுருட்டி உள்ளே எறிந்தார். கதவு திறந்தது. அந்த அம்மாதான் அவனுடைய அக்கா. துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கிக் கல்யாணம் செய்து வைத்தவர்.

அடுத்த வாரமே என் கணவர் ஒரு ஒயரும் பல்பும் சுவிட்சும் கொண்டுவந்தார். வாசலில் சுவிட்சை அமுக்கினால் உள்ளே பல்பு மின்னும்படி மாட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அந்தச் சந்தில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு தடவை வந்து அமுக்கிப் பார்த்தார்கள். ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட்டால் ஓரமாக நின்றுவிட்டு நழுவுகிறவர் அவர். "என்னால முடிஞ்சது இவ்ளோதான்" என்றார் வண்டியை எடுக்கும்போது. எனக்கென்னவோ அன்றைக்கு நடந்த நல்ல ஜெபம் அதுதான் என்று பட்டது.

அக்கா என்மேல் முதலில் அவ்வளவு நம்பிக்கை வைக்கவில்லை. "அதுங்களுக்கு இன்னாம்மா புரியப் போவுது? எதுனா வேணும்னா எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிக்கிறேன்" என்பார். அவருக்கும் தம்பிக்கும் நடுவே அவர்களே உண்டாக்கிக்கொண்ட சைகைகள் இருந்தன. சாப்பாடு, வேலை, கடல், காய்ச்சல், சட்டை. அன்றாடத்துக்கு அது போதும். அதைத் தாண்டிய எதற்கும் அதில் சைகை இல்லை.

நான் கற்றுக்கொண்டது மெதுவாகத்தான். நாற்பதைத் தாண்டிய விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இயேசு என்பதற்கு, நடுவிரலால் ஒவ்வொரு உள்ளங்கையையும் தொட வேண்டும். ஆணி அடித்த இடம். அதை அவள் முதலில் செய்து காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயிரம் பாட்டில் அந்தப் பேரைப் பாடியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஆணி என் நினைவுக்கு வந்ததில்லை.

தவறுகளும் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு ஞாயிறு பூசையில், இறைவனின் செம்மறி என்ற இடத்தில் எனக்குச் செம்மறிக்குச் சைகை தெரியவில்லை. ஆடுதானே என்று தாடையில் தாடியை உருவிக் காட்டினேன். இரண்டு பேரும் குனிந்து, பெஞ்சே அதிரும்படி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கடவுளின் கிழட்டுக் கிடா என்று சொல்லியிருக்கிறேன். எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கோயிலில் நான் சிரித்தது அன்றுதான்.

காது கேளாதவர்கள் ஒருவருக்கு ஒருவர் சைகையிலேயே பேர் வைத்துக்கொள்வார்கள். எனக்கும் ஒன்று வைத்திருந்தார்கள். கழுத்தில் குறுக்காக விரலால் ஒரு கோடு. என் தழும்பு. அதை மறைக்க நான் அந்தக் காலத்தில் கழுத்தை ஒட்டிய காலர் வைத்த பிளவுஸ்தான் போடுவேன். தெரிந்த அன்று முகம் வாடிவிட்டது. அவள் கவனித்துவிட்டாள். தன் கணவனின் பேரைக் காட்டினாள்: நெற்றியில் ஒரு வெட்டு, சின்ன வயதில் ஐஸ் பெட்டி விழுந்த தழும்பு. தன் பேரைக் காட்டினாள்: முன்பல் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. யாரும் எதையும் மறைக்காத ஊர் அது. அடுத்த மாதம் அவளே எனக்குச் சாதாரணக் கழுத்து வைத்து ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து சைகை செய்தால் அவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. பீடத்தையும் பார்க்க முடியாது, என்னையும் பார்க்க முடியாது. அதனால் நாங்கள் முன்வரிசைக்கு மாறினோம். அவர்கள் முதல் பெஞ்சில். நான் ஒரு நாற்காலியைப் போட்டு அவர்களுக்கு எதிரே, பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

அதற்கு இரண்டாவது வாரமே புகார் போய்விட்டது. கோயிலில் மூத்த அம்மா ஒருவர், தினம் காலைப் பூசைக்கு வருகிறவர், சாமியார் வீட்டுத் தாழ்வாரத்தில் எனக்கு எதிரிலேயே சொன்னார்.

"சாமி, எனக்குக் கோவமில்ல. ஆனா நற்கருணை நாதருக்கு முதுகைக் காட்டிக்கினு உக்காருது. பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு."

பங்குச்சாமியார் இளைஞர், எங்கள் பங்குக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு அனுமதி கொடுக்கவே முதலில் யோசித்தவர். எல்லோரும் பீடத்தை விட்டுவிட்டு உங்கள் கையையே பார்ப்பார்கள் என்றவர். இப்போது என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் அந்த அம்மாவிடம் கேட்டார்: "ஆயா, நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்போ சாமியாருங்க எந்தப் பக்கம் பாத்து பூசை வெச்சாங்க?"

"அந்தக் காலத்துல பீடத்தப் பாத்து."

"அப்போ உங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கினு நின்னாங்க. ஆண்டவரைப் பாக்கறாங்கன்னு நீங்க ஏத்துக்கினீங்க இல்ல? இவங்களும் ஆண்டவரத்தான் பாக்கறாங்க. அந்த ரெண்டு பேரு மூஞ்சியில பாக்கறாங்க."

அந்த அம்மா ஜெபமாலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று அழுகை வந்தது. சாமியாரிடம் அதற்கு நன்றி சொல்ல நான் தாடையில் கை வைத்து முன்னால் நீட்டினேன். அவரும் அதையே திருப்பிச் செய்து, "இது என்ன, நன்றியா?" என்றார்.

அடுத்த வருடம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் பக்கத்தில் அக்கா பாத்திர மூடியைக் கீழே போட, குழந்தை திடுக்கிட்டு அழுதது. "கேக்குதுடா! உம் பொண்ணுக்குக் காது கேக்குது!" என்று தம்பியைப் பிடித்து உலுக்கினார் அக்கா. அவனுக்கு அவர் சொன்னது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அவன் சிரித்தான். ஆனால் அவள் எனக்கு அன்று அனுப்பிய எஸ்எம்எஸ்ஸில் ஒரு பயம் இருந்தது. "பாப்பா கேட்கும். நான் பேச்சு இல்லை. பாப்பா நான் பிடிக்குமா?" உடனே கிளம்பிப் போனேன். அவள் மடியில் குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நான் அந்த விரலைக் காட்டினேன்.

ஞானஸ்நானப் பேச்சு வந்ததும் அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார். "சாமியாரு கேக்கற கேள்விக்கு நான்தான் பதில் சொல்லுவேன். அவன் கல்யாணத்துலயும் அவன் தலையாட்டினான், சம்மதம்னு நான்தான் சொன்னேன். இவ்ளோ நாளா அவன் வாயி நான்தாம்மா." குரலில் அதிகாரம் இருந்தது. அதற்கு அடியில் வேறு ஏதோவும் இருந்தது. அன்று கூடை கழுவிக்கொண்டே அதையும் சொன்னார். தம்பிக்கு ஏழு வயதில் அவனைக் காது கேளாதோர் பள்ளியில், விடுதியோடு சேர்த்துவிட்டாராம். "எம் பொடவையைப் பிடிச்சிக்கினு வுடல. கையைப் பிச்சி எடுத்துட்டு வந்துட்டேன். ஏன் வுட்டுட்டுப் போறேன்னு சொல்லக்கூட எனக்குத் தெரியல. எப்படிச் சொல்லுவேன்? அவன் அதை மறந்திருக்க மாட்டாம்மா. நான் மறக்கல பாரு."

நான் அவருக்கு எதிராக எதுவும் பேசவில்லை. ஊழியம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, ஏற்கெனவே அங்கே உழைத்துக்கொண்டிருப்பவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வது. அதில் எனக்குப் பயம் இருந்தது. சாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன். ஞானஸ்நானத்துக்கு முன் தாய் தகப்பனோடு ஒரு முறை உட்கார்ந்து பேசுவது வழக்கம்; அக்காவையும் வரச் சொல்லுங்கள் என்றார்.

நாங்கள் எல்லோரும் சாமியார் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். குழந்தை அக்காவின் தோளில். சாமியார் அக்காவைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், தகப்பனை நேராகப் பார்த்துக் கேட்டார்: "கடவுளைப் பத்தி உங்க பொண்ணுக்கு எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க?"

நான் கையால் கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு கைகள் மெதுவாகப் பேச ஆரம்பித்தன. நான் என் காற்றுக் குரலில் சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்பதற்காக அக்கா நாற்காலியை எனக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி."

"நானா? நான் இன்னா சொல்லிக் குடுத்தேன்?" என்றார் அக்கா.

"என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். நான் அழுதேன். அக்கா போய்விட்டாள். இனி வர மாட்டாள் என்று நினைத்தேன். மாதம் முடிந்தது. கேட்டில் நின்றாள். மீன் வாசனையோடு நின்றாள். அடுத்த மாதமும் நின்றாள். மழையில் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் கடவுளைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். அவரைப் பார்க்க முடியாது, ஆனால் கைவிட மாட்டார் என்றார்கள். மற்ற பிள்ளைகளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அக்கா மாதிரி."

நான் சொல்லி முடித்ததும் அக்கா குழந்தையைத் தாயிடம் கொடுத்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு தம்பியின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"இத்தினி வருசமா இதை எங்கிட்ட சொன்னியாடா? சொன்னியா?"

அவர் உதட்டை அவன் படித்துவிட்டான் போலிருக்கிறது. சொல்ல வழி இல்லையே என்று கையை விரித்தான். பள்ளிக்கூடத்தில் கற்ற சைகை அக்காவுக்குத் தெரியாது; அக்காவின் சைகையில் இதற்கு இடம் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

வெளியே வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோயில்ல நீயே சொல்லும்மா. நான் ஞானத்தாயா, புள்ளையைக் கையில ஏந்திக்கினு நிக்கறேன். அது போதும்." பிறகு கொஞ்ச தூரம் நடந்து, "எனக்கும் அந்தக் கைப்பேச்சைச் சொல்லிக் குடு" என்றார்.

எனக்கு அப்போதுதான் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. சாமியார் வீட்டு மேசையில் பேசியது வேறு. கோயிலில் மைக் முன்னால் நிற்க வேண்டும். அதே மைக்கில் பாடியவள். அந்தக் காற்றும் கரகரப்பும் ஸ்பீக்கரில் வந்தால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? என் கணவரிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு உன் பாட்டைக் கேட்டுட்டா வந்து பழகுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு பூசைக்குள்ளேயே ஞானஸ்நானம். சொல்தா ஐயா கீபோர்டை விட்டு எழுந்து வந்து, மைக்கை என் உயரத்துக்கு இறக்கி, ஒலியைக் கூட்டி வைத்தார். "கூராழ்" என்றார் காதருகே.

குழந்தைக்கு என்ன பேர் என்று சாமியார் கேட்டார். தகப்பன் முதலில் கையால் பேரைச் சொன்னான்: கன்னத்தில் விரலை வைத்து ஒரு திருப்பு. குழந்தைக்கு அங்கே ஒரு குழி விழும். பிறகு நான் அவர்கள் தேர்ந்தெடுத்திருந்த அர்ச்சிஷ்டவளின், அதாவது புனிதையின், பேரை மைக்கில் சொன்னேன். என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பழைய தகரத்தை இழுத்த மாதிரி இருந்தது. தலையைக் குனியாமல் நின்றேன்.

திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. ஞானஸ்நானம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். அப்படித்தான் பழகியிருந்தோம். தாய் அதைக் கையால் சொன்னாள். நான் அதைச் சொன்னேன். ஆனால் அவள் கைகள் நிற்கவில்லை. சாமியார் புத்தகத்தில் இருந்து தலையை நிமிர்த்தினார். நானும் தொடர்ந்தேன்.

"ஞானஸ்நானம் கேட்கிறோம். இன்னொன்றும் கேட்கிறோம். இங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் இவளோடு பேச வேண்டும். எங்களோடும் பேச வேண்டும்."

சாமியார் புத்தகத்தை மூடாமல், கூட்டத்தைப் பார்த்து, "பதில் நீங்கதான் சொல்லணும்" என்றார். முதலில் யாரோ ஒருவர் ஆம் என்றார். பிறகு பல குரல்கள். சொல்தா ஐயா மட்டும் குரல் கொடுக்காமல், அவள் பார்க்கும்படி தலையைப் பெரிதாக மேலும் கீழும் ஆட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் தலையாட்ட, கோயில் முழுக்கத் தலைகள் ஆடின. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பூசை முடிந்ததும் முதலில் வந்தவர் சாமியாரிடம் புகார் சொன்ன அந்த மூத்த அம்மா. குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நல்லாயிருக்கியான்னு எப்படிம்மா கேக்கறது?" காட்டினேன். ஜெபமாலை சுற்றிய கையால் செய்து பார்த்தார். தப்பாகத்தான் வந்தது. ஆனாலும் குழந்தையின் தாய்க்குப் புரிந்தது. நல்லாயிருக்கிறேன் என்று அவள் பதில் சொல்ல, அந்த அம்மா எனக்கு ஏதோ பெரிய சேதியைச் சொல்வது போல, "நல்லாயிருக்காளாம்!" என்றார்.

அதற்குப் பிறகு ஊரில் மற்ற பங்குகளில் ஓரமாக உட்கார்ந்திருந்த காது கேளாதவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். உழவர்கரையில் இருந்து ஒரு குடும்பம், கிராமத்துப் பக்கம் இருந்து பஸ் ஏறி வந்த இரண்டு பெண்கள். முதல் பெஞ்சு போதாமல் இரண்டாவது பெஞ்சும் நிறைந்தது. தேங்காய்த்திட்டில் சனிக்கிழமை நடந்த சைகை வகுப்பை இப்போது குழந்தையின் தாயே நடத்தினாள். அக்கா எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். தப்புத் தப்பாகச் செய்து தம்பி சிரிக்கும்போது அவனை அடிப்பார்.

சிலர் என்னிடம் வந்து, கோயிலுக்கு ஏதாவது செய்ய ஆசை, ஆனால் எனக்கு என்ன திறமை இருக்கிறது என்று கேட்பார்கள். இருக்கிற திறமையைக் கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். எனக்கு இருந்தது போன பிறகுதான் பக்கத்து பெஞ்சில் யார் என்று பார்க்கத் தோன்றியது. அதனால் நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு ஞாயிறு இடம் மாறி உட்காருங்கள். யார் தாமதமாகச் சிரிக்கிறார்கள், யார் சிரிக்கவே இல்லை என்று பாருங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யாமல், அவர்களிடமே கேளுங்கள். மற்றது தானாக வரும். மெதுவாகத்தான் வரும்.

குரல் எனக்கு முழுதாகத் திரும்பவில்லை. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்கு வந்தது. பாட வரவில்லை. அந்த ஏக்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கிறிஸ்துமஸ் நாட்களில் பாடகற்குழு ஒத்திகை பார்க்கும் சத்தம் கேட்டால் இன்றும் கோயில் மதிலோரம் நின்றுவிடுவேன். அது ஒரு பக்கம் இருக்கிறது. வேலையும் ஒரு பக்கம் நடக்கிறது.

ஒருநாள் சாயங்காலம் பங்குச்சாமியார் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் வயதான ஒருவர் சேர்க்கப்பட்டிருக்கிறார், வாய் பேசாதவர், காது கேட்காதவர், கூட யாரும் இல்லை, சாப்பாட்டைத் தொட மறுக்கிறார், போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தோளைத் தொட்டதும் மிரண்டு திரும்பினார். எனக்குத் தெரிந்த அத்தனை சைகைகளையும் செய்தேன். பள்ளிக்கூடத்தின் வாசலையே பார்க்காத மனிதர் அவர். என் கைகள் அவருக்கு வெறும் கைகள். கடைசியில் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்ன செய்வது என்று தெரியாமல் தேங்காய்த்திட்டுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினேன். அவன் ஐஸ் கம்பெனியிலிருந்து வேலைச் சட்டையோடு நேராக வந்தான். கட்டிலைச் சுற்றிப் போய், பெரியவர் முகம் இருந்த பக்கம், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த சின்ன இடத்தில் தரையில் உட்கார்ந்தான். வெறுமனே உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தன் காதைத் தொட்டு இல்லை என்று தலையாட்டினான். பிறகு பெரியவரைக் காட்டினான். நீங்களும்தானே?

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். அவர் கை தானாக அவன் கன்னத்துக்குப் போயிற்று.

அப்புறம் அவர்கள் பேசியது எந்த வகுப்பிலும் இல்லாத பேச்சு. வலை வீசுவது, அலை, மாடு, யாரோ ஒரு பெண், அவள் போனது. அதில் பாதி எனக்கு விளங்கவில்லை. கஞ்சி ஆறிப்போயிருந்தது. அவன் டம்ளரை எடுத்து முதலில் தான் ஒரு வாய் குடித்தான். பிறகு அவருக்கு நீட்டினான். அவர் குடித்தார்.

நான் வாசலருகே நின்றுகொண்டிருந்தேன். அவன் என்னை அப்போதுதான் பார்த்தான். கையை அசைத்தான்: நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். நான் இருக்கிறேன்.

சரி என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். கீழே என் கணவர் வண்டியை ஸ்டார்ட் செய்தபடி, "என்ன ஆச்சு, சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"சாப்பிடறாரு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.